பன்றி வருடத்துக்காரியும் கண்ணாடிப் பெட்டியும்

உங்கள் வீட்டில் வளர்க்கும் ஒரு பிராணி இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அது படுத்திருக்கும் இடத்தையா, அந்த இடத்தைத் துடைக்கிற வேலைக்காரி பிறந்த வருடத்தையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட வேண்டாம். காகெஹிரா விடுதியில் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. படித்தவர்கள், பத்திரிகை வாங்குகிறவர்கள், வானிலை அறிக்கை பார்க்காமல் துணி காயப்போடாதவர்கள். அவர்கள் இரண்டாவதைத்தான் பார்த்தார்கள்.

வேலைக்காரியின் பெயர் நுனோகாவா நோபுயே. வயது ஐம்பத்து மூன்று. விடுதி இருந்தது ஜப்பானின் தொத்தோரிக் கடற்கரையில், வெந்நீரூற்றை வைத்துப் பிழைக்கும் ஒரு சிற்றூரில். அங்கே பதினான்கு அறை கொண்ட அந்த விடுதியில் அவள் காலையில் படுக்கை மடிப்பாள், குளியல் தொட்டியின் சூட்டைப் பார்ப்பாள், மாலையில் விருந்தினருக்கு அரிசி மதுவைச் சூடாக்கிக் கொண்டுபோவாள். நாற்பத்தைந்து டிகிரி என்றால் நாற்பத்தைந்துதான், நாற்பத்தேழு ஆகாது. அவள் மேலங்கிப் பையில் சீப்பு இருக்காது, கம்பி முனையுள்ள ஒரு வெப்பமானி இருக்கும்.

அது அவளுக்குப் பழைய வேலை கொடுத்த பழக்கம். நகரத்தில் சோற்றுக் குக்கர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும் வரிசையில் உட்கார்ந்தவள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். கையெழுத்துக்குப் பதில் அங்கே பெயர் முத்திரை, முப்பத்தெட்டு முறை குத்தினாள். நடுவில் ஒரு சட்டம் வந்தது: ஒரே இடத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் இருப்பவர் நிரந்தர வேலை கேட்டால் முதலாளி மறுக்கக் கூடாது. வருடக் கணக்கு சட்டம் வந்த நாளிலிருந்துதான். அந்த உரிமை கைக்கு வர ஒரு மாதம் பாக்கி இருந்தபோது, அவளையும் அவளோடு உட்கார்ந்த பதினொரு பெண்களையும் எழுப்பி, ஆளுக்கு ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேருந்தில் பன்னிரண்டு பூங்கொத்துகளைப் பார்த்த ஓட்டுநர், "யாருக்கம்மா கல்யாணம்?" என்று கேட்டானாம். நோபுயே அந்தப் பூவைக் குப்பைத் தொட்டியில் போட்டாள், தண்டுகளை ஒழுங்காகக் கட்டி, குப்பை எடுக்கும் கிழமை பார்த்து.

பிறகு இரண்டு வருடம் மீன் சந்தையில் ஐஸ் அள்ளினாள். பிறகு இந்த விடுதி. இங்கே வருடத்துக்கு ஒரு ஒப்பந்தம், மார்ச் மாதக் கடைசியில் ஐந்தாவது முடிகிறது. ஏப்ரலில் ஆறாவது ஒப்பந்தத்தில் முத்திரை விழுந்துவிட்டால், அன்றைக்கே அவள் நிரந்தரம் கேட்கலாம். அந்த ஒரு முத்திரைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பாம்பு குறுக்கே வந்தது.

அங்கே ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகம். பிறக்கப்போவது பாம்பு வருடம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது. செல்வம் தரும் பென்தென் தேவியின் தூதர் வெள்ளைப் பாம்பு என்பதால், வெள்ளைப் பாம்பின் சட்டையைப் பணப்பையில் வைத்துக்கொள்ள ஊரே அலைந்தது. விடுதி முதலாளி காகெஹிரா மோதொநொபு எதையும் பெரிதாகச் செய்கிறவர். சட்டை என்ன, பாம்பையே வாங்கிவிட்டார். யொனாகோ நகரத்தில் ஊர்வன விற்கும் கடையிலிருந்து மூன்றடி நீளத்தில் ஒரு சோளப்பாம்பு. விஷமில்லை. நிறமே இல்லாமல் வெளிறிப்போன ரகம், உரித்த முள்ளங்கி போல. அவர் அதைத் 'தேவியார்' என்றார். சமையற்கட்டுத் தலைவர் ஓகாகி 'முள்ளங்கி' என்றார், முதலாளி காதில் விழாத தூரத்தில்.

தேவியாருக்குப் பெட்டி செய்தவர் பொம்மைக் கடைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்கிற ஆசாரி. ஒன்றரை அடி அகலம், ஆள் உயரம். நான்கு பக்கமும் கண்ணாடி. உள்ளே சிவப்புப் பட்டு, வெள்ளைக் கூழாங்கல், ஒரு சின்னச் சிவப்புக் கோயில் வாசல். உச்சியில் சூடு தரும் பல்பு, அதை ஒட்டியே வட்டமான ஒரு வெப்பமானி, கண்ணில் படுவதுபோல. விடுதி முகப்பில், செருப்பு கழற்றும் இடத்துக்கு நேர் எதிரே வைத்தார்கள். வருகிறவர்கள் கைதட்டிக் கும்பிட்டு, கண்ணாடியைத் தட்டி, காசு வைத்துவிட்டுப் போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கடற்காற்று பனித்தூளோடு உள்ளே வந்தது.

டிசம்பர் நடுவில் பாம்பு ஒரு எலியை விழுங்கி மூன்றாம் நாள் கக்கியது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. முதலாளி பச்சை முட்டையைத் தட்டில் வைத்துப் படைத்தார். முட்டை அப்படியே இருந்தது.

பிப்ரவரி தொடக்கத்தில், பேயை விரட்டப் பயறு எறியும் நாளுக்கு, தென்கெய் என்று ஒரு சோதிடர் வந்தார். பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். இந்த வீட்டில் காட்டுப்பன்றி வருடத்தில் பிறந்த பெண் யாராவது உண்டா என்று கேட்டார். பன்னிரண்டு மிருக வட்டத்தில் பாம்புக்கு நேர் எதிர் பன்றி. பன்றிக்காரி கை பட்ட கண்ணாடிக்குள் தேவியார் எப்படிச் சாப்பிடுவார்?

தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் நோபுயே. பன்றி வருடம்.

மறுநாள் முதலாளியம்மா ரிட்சுகோ அவளைக் கூப்பிட்டு, போர்வை போட்ட சூட்டு மேசைக்கு எதிரே உட்காரவைத்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அதுவே நல்ல சகுனம் இல்லை. ரிட்சுகோ யாருக்கும் எதையும் உரித்துக் கொடுக்கிறவள் இல்லை.

"நோபுயே, உன் வேலையில நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க முதலாளியம்மா. ஆனா-ன்னு ஒண்ணு வருமே."

"மார்ச்சுக்கு மேல நீட்டிக்க முடியாது போல இருக்கு. இவரு மனசு சரியில்ல. விருந்தாளிங்க வேற கேக்கறாங்க, தேவியார் ஏன் இளைச்சுப் போனார்னு."

"தேவியார் இளைச்சதுக்கும் என் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

ரிட்சுகோ ஆரஞ்சுத் தோலை நான்காக மடித்தாள். "நீ எந்த வருஷம்னு உனக்கே தெரியும்."

நோபுயேவுக்குக் காது சுட்டது. பூங்கொத்து ஞாபகம் வந்தது. அன்றைக்காவது ஒரு காரணமும் சொல்லாமல் அனுப்பினார்கள். இன்றைக்குச் சொன்ன காரணம் அதைவிடக் கேவலம். அழுதால் இரக்கப்பட்டு இன்னொரு ஆரஞ்சு உரிப்பாள், அவ்வளவுதான். நோபுயே அழவில்லை. தன் பங்கு ஆரஞ்சை முழுதாகத் தின்று முடித்தாள்.

"முதலாளியம்மா, குக்கர்ல சோறு வேகலைன்னா நாங்க அரிசி எந்த வருஷம் விளைஞ்சதுன்னு பாத்ததில்ல. சூடு எவ்வளவுன்னு பாப்போம். முதல்ல அந்தப் பெட்டிய அளக்க விடுங்க."

"அளந்து?"

"சரியா இருந்துச்சுன்னா நானே மார்ச் கடைசில மூட்டை கட்டிக்கறேன். தப்பா இருந்தா வேற பெட்டிய நான் தேர்ந்தெடுக்கறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள பாம்பு சாப்பிட்டா என் ஒப்பந்தத்துல முத்திரை குத்துங்க. சாப்பிடலைன்னா குத்த வேணாம்."

ரிட்சுகோ கணவனைப் பார்த்தாள். அவர் பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அளக்கறதுல என்ன இருக்கு?" என்று தாள் பேசியது. "முப்பத்தொண்ணு காட்டுது. கண்ணிருக்கறவங்க எல்லாரும் பாக்கறாங்க."

மூன்று பேரும் முகப்புக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்க ஓகாகியும் கரண்டியோடு வந்தார். நோபுயே வெப்பமானியின் கம்பியை உச்சியில் வைத்தாள்.

"முப்பத்தொண்ணு."

"பாத்தியா!" என்றார் முதலாளி.

நடுவில் இறக்கினாள். இருபத்திரண்டு. சிவப்புக் கோயில் வாசலுக்குப் பக்கத்தில், கூழாங்கல்மேல் பாம்பு முடிச்சுப்போல் சுருண்டு கிடந்த இடத்தில் வைத்தாள். எண் இறங்கிக்கொண்டே போய், பதினாலில் நின்றது.

"பாம்பு எங்க படுத்திருக்கு முதலாளி? மேலயா கீழயா?"

அவர் குனிந்து பாம்பைப் பார்த்தார்.

"சூடு மேல போகும். குளியலறையில கூரைதான் வியர்க்கும், தரையில காலு விறைக்கும், நமக்கே தெரியும். நீங்க பல்புக்கு என்ன சூடுன்னு அளந்திருக்கீங்க. பல்பு நல்லா இருக்கு. பாம்புக்குத்தான் குளிர்."

ஓகாகி கரண்டியால் தன் தோளைத் தட்டிக்கொண்டார். "என்னோட மீன் அலமாரியே இதைவிடக் கொஞ்சம்தான் குளிரு. ஏம்ப்பா, பதினாலு டிகிரில எலிய விழுங்கினா வயித்துல அழுகாம என்ன பண்ணும்? கக்கத்தான் செய்யும்."

"தென்கெய் ஐயா சொன்னது?" என்றாள் ரிட்சுகோ.

"எங்கம்மா எனக்கு எதிர் வருஷத்து மிருகப் பொம்மையத்தான் வாங்கிக் குடுப்பா, அதான் காவல்னு," என்றார் ஓகாகி. "அதுபடி பாத்தா பாம்புக்குப் பன்றிக்காரிதான் அதிர்ஷ்டம். எந்த ஐயா சொல்றத நம்பறது?"

"அண்ணே, நான் காவலும் இல்ல, சாபமும் இல்ல," என்றாள் நோபுயே. "கண்ணாடி துடைக்கறவ. முதலாளி, பாம்பு வாங்கினப்ப கடையில ஒரு தாள் குடுத்தாங்களே, அது எங்க?"

"எந்தத் தாள்?"

"உயிருள்ள பிராணிய விக்கறவங்க நேர்ல நிக்க வச்சு, எப்படி வளக்கணும்னு படிச்சுச் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும். சட்டம். வருஷக் கடைசியில சாமி மாடம் துடைச்சேன். கடை முத்திரை போட்ட உறை ஒண்ணு அங்க இருந்துச்சு. பிரிக்காம."

முதலாளியின் கழுத்து மெல்லச் சிவந்தது. தேவியாரோடு வந்த உறை என்பதால் அதைப் பத்திரமாகச் சாமிக்கு முன்னால் வைத்து, இரண்டு மாதமாகத் தினமும் கைதட்டிக் கும்பிட்டிருக்கிறார். நோபுயே முக்காலி போட்டு ஏறி எடுத்து வந்து, அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் வாசிக்கவில்லை, ரிட்சுகோவிடம் நீட்டினார். ரிட்சுகோ மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். படுக்கும் தரையில் ஒரு ஓரம் முப்பது டிகிரி, மறு ஓரம் இருபத்து நான்கு. உடம்பை நீட்டிப் படுக்கும் நீளம். ஒளிந்துகொள்ள இரண்டு இடம். நேர் வெளிச்சம் ஆகாது, நிறமில்லாத ரகத்துக்குக் கண் கூசும். ஆள் நடமாட்டமும் அதிர்வும் இல்லாத இடம். கடைசி வரி: 'மேற்கண்ட விளக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டேன்.' அதன் கீழே சிவப்பாக, வட்டமாக, காகெஹிரா என்ற முத்திரை.

"நீங்கதான் குத்தியிருக்கீங்க," என்றாள் ரிட்சுகோ.

"அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பேசிச்சு," என்றார் முதலாளி.

விடுமுறை நாளில் நோபுயே ரயிலேறி யொனாகோ போனாள். பெட்டிக்கு ஆகும் செலவு முதலாளியுடையது. அவர் குத்திய முத்திரையைப் பார்த்தபின் அதில் பேச்சு எழவில்லை. கடையில் குராமொச்சி என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் ஒரு பல்லி தொங்கிக்கொண்டிருந்தது. "ஓ, அந்த விடுதி ஐயா! நான் பேசப் பேச அவரு தலைய ஆட்டினாரு. கேக்கறாருன்னு நினைச்சேன்," என்றாள். பெட்டியின் அளவைச் சொன்னதும் பல்லியைக் கழற்றி வைத்தாள்.

"ஆள் உயரமா? அக்கா, இது மரத்துல தொங்கற பாம்பு இல்ல. கொஞ்சம் ஏறும், ஆனா தரையில போற ஜாதி. இதுக்கு வீடுன்னா நீளம்தான். முழுசா வளந்தா நாலடிக்கு மேல வரும். இப்பவே நாலடிப் பெட்டியா வாங்கிடுங்க. இது பாருங்க."

முதலில் காட்டியது முழுக் கண்ணாடி, மேலே திறப்பது. நோபுயே பெட்டிக்குள் கையை மேலிருந்து விட்டுப் பார்த்தாள். "இப்படி வந்தா பாம்பு என்ன நினைக்கும்?"

"பருந்துன்னு நினைக்கும். நல்லாக் கேட்டீங்க. முன்பக்கம் திறக்கறது எடுங்க."

"கண்ணாடி சூட்ட விட்ருமே. குளிர் ஊரு எங்களுது."

"அப்ப மூணு பக்கம் மரம், முன்னால மட்டும் சறுக்குக் கண்ணாடி. பூட்டு கட்டாயம். பாம்புக்கு ஒரு விரல் சந்து போதும், மறுநாள் ஊரெல்லாம் போலீசு, பத்திரிகை, எல்லாம் வந்துரும். நிலநடுக்கத்துக்குச் செவுத்தோட பட்டை போட்டுக் கட்டிருங்க."

"ஒளியற இடம்?"

"ரெண்டு. ஒரே மாதிரி. சூட்டு ஓரத்துல ஒண்ணு, குளிர் ஓரத்துல ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு வச்சீங்கன்னா, சூடு வேணுமா பயமில்லாம இருக்கணுமான்னு அது தினம் முடிவெடுக்கணும். பெருசா வாங்கிடாதீங்க. உடம்பு நாலு பக்கமும் இடிக்கணும், அப்பத்தான் தூங்கும். தண்ணிக் கிண்ணம் கவுந்துபோகாததா இருக்கணும்."

சூட்டுப் பலகையும் தெர்மோஸ்டாட்டும் மட்டும் நோபுயே தானே பொறுக்கினாள். கடையில் இருந்த நான்கு வகையையும் காதோரம் வைத்துத் திருப்பினாள். மூன்றாவது 'டிக்' என்று சுத்தமாக விழுந்தது. "இது."

"காதால வாங்கறீங்களா!"

"பத்தொன்பது வருஷம் இதான் சோறு."

பெட்டி எட்டாம் தேதி வந்தது. எங்கே வைப்பது என்பதில் மறுபடி ஒரு போர். முதலாளி முகப்புதான் என்றார். அலுவலக அறையின் உட்சுவர் என்றாள் நோபுயே. அந்தச் சுவருக்குப் பின்னால் ஊற்றுநீர்க் குழாய் ஓடுகிறது, கதவு திறந்தாலும் காற்று வராது, யாரும் தட்ட மாட்டார்கள்.

"அப்ப வர்றவங்க எப்படித் தரிசனம் பண்ணுவாங்க?"

"பெட்டி பாக்கறவங்களுக்கா, படுக்கறவங்களுக்கா முதலாளி? உங்கள உள்ளாடையோட முகப்புல நிக்க வச்சு, விளக்கப் போட்டு, ஊரே தட்டித் தட்டிப் பாத்தா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

ஓகாகி சமையற்கட்டிலிருந்து சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. முதலாளி அலுவலகத்துக்கே சம்மதித்தார். கண்ணாடி முன் ஒரு துணித் திரை. ஒரு வாரம் தன்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது, தொடக் கூடாது என்று நோபுயே சொன்னாள். மூன்றாம் நாள் முதலாளி கையில் முட்டையோடு திரைக்கு முன்னால் நின்றதைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அவர் அதில் முட்டையை வைத்தார். அன்று சிப்பந்திகளின் சாப்பாட்டில் ஒரு ஆம்லெட் கூடுதல்.

பாம்பு சூட்டு ஓரத்து ஒளிவிடத்துக்குள் போனது. வாலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. தினமும் மதியம் நோபுயே இரண்டு ஓரத்தையும் அளந்து எழுதினாள். முப்பது, இருபத்து நான்கு. முப்பது, இருபத்து நான்கு.

பதினாறாம் தேதி, உறையவைத்து விற்கும் எலி ஒன்றை உருகவைத்து, சூடாக்கி, இடுக்கியால் வைத்துவிட்டுத் திரையைப் போட்டாள். மறுநாள் காலையில் எலி வைத்த இடத்திலேயே இருந்தது.

ரிட்சுகோ அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். குரலில் வெற்றி இல்லை, அலுப்புதான் இருந்தது. "நோபுயே, எல்லாம் அளந்துதானே வச்ச. இன்னும் என்ன பாக்கி? மனுஷ கையில இல்லாததும் சிலது இருக்கும்மா."

"பதினொரு நாள் இருக்கு முதலாளியம்மா."

அன்று படுக்கை மடிக்கும்போது அவள் கை மடித்தது, மனம் மடிக்கவில்லை. ஒருவேளை நோயோ? நோயென்றால் மருத்துவரிடம் போக வேண்டும், அதற்கும் குராமொச்சியிடம் கேட்டு எண் வாங்கி வைத்திருந்தாள். அதற்கு முன் தன் வேலையைத் தானே சோதிக்க வேண்டும் என்று தோன்றியது. தான் எழுதிய எண்களை எடுத்துப் பார்த்தாள். மதியம், மதியம், மதியம். எல்லா நாளும் மதியம். தலையில் அடித்துக்கொண்டாள். தெர்மோஸ்டாட்டை நம்பாதே என்பதற்காகவே பத்தொன்பது வருடம் சம்பளம் வாங்கியவள், அது பகலில் மட்டும் வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை. அவள் இரவு ஒன்பதுக்கு வீட்டுக்குப் போனால் காலை ஏழுக்கு வருவாள். இடையில்?

மிகக் குறைந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளும் வெப்பமானி மருந்துக் கடையில் கிடைத்தது. அதைச் சூட்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் வந்து பொத்தானை அழுத்தினாள். பதினாறு.

அவள் பார்வை மின்கம்பியோடு போய்ச் சுவரில் நின்றது. செருகி ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் தொலைக்காட்சி, தேநீர்க் கெண்டி, கணினி, எல்லாச் செருகிகளும் ஒரே சாய்வில் இருந்தன, ஒரே கை செருகியதுபோல.

அந்தக் கையை விடுதியில் எல்லோருக்கும் தெரியும். தூங்கப்போகும் முன் வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு செருகியையும் பிடுங்கிவிட்டுப் படுப்பது ரிட்சுகோவின் நாற்பது வருடப் பழக்கம். தீப்பிடிக்கும் என்ற பயம், மின்சாரம் வீண் என்ற கவலை. குளிர்பெட்டியைத் தவிர எதையும் விடமாட்டாள். விடியற்காலை எழுந்து எல்லாவற்றையும் திரும்பச் செருகிவிடுவாள்.

நோபுயே வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் ரிட்சுகோ முன்னால், மேசைமேல் வைத்தாள்.

"இது ராத்திரி எண்ணு."

ரிட்சுகோ பார்த்தாள். அலுவலகச் சுவரைப் பார்த்தாள்.   "நானா?"

"நீங்கதான்."

"அதையுமா பிடுங்கறேன்? கை பாட்டுக்குப் போகுது... நான் யோசிக்கவே இல்லயே."

"நானும்தான் யோசிக்கல. பகல்ல மட்டும் அளந்தேன். அது என் தப்பு." என்றாள் நோபுயே. "ஆனா ஒண்ணு சொல்லணும் முதலாளியம்மா. நீங்க எந்த வருஷம் பிறந்தீங்கன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். செருகிய யாரு பிடுங்கினதுன்னு மட்டும்தான் பாத்தேன்."

ரிட்சுகோ தலை குனிந்தாள்.  இந்த ஊரில் ஒரு முதலாளியம்மா வேலைக்காரிக்கு முன்னால் தலை குனிவது சின்ன விஷயம் அல்ல. "தப்பா நடந்துக்கிட்டேன்," என்றாள். எழுந்து போய், சமையற்கட்டில் மீன் பெயர் எழுதும் தடித்த பேனாவை வாங்கி, ஒரு அட்டையில் தன் கையாலேயே எழுதிச் செருகிக்கு மேல் ஒட்டினாள்: 'ரிட்சுகோ, இதைத் தொடாதே.'

இருபத்திரண்டாம் தேதி. நான்கு காலையாக மிகக் குறைந்த எண் இருபத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. மாலை விருந்தினர் சாப்பாட்டுக்கு உட்காரும் முன், நோபுயே இடுக்கியில் எலியைப் பிடித்து ஒளிவிடத்தின் வாசலில் காட்டினாள். ஓகாகி, முதலாளி, ரிட்சுகோ மூவரும் அறைக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு.

"முள்ளங்கி, தின்னுடும்மா," என்று ஓகாகி முணுமுணுத்தார்.

"யாரு முள்ளங்கி?" என்றார் முதலாளி.

வெளிறிய தலை வெளியே வந்தது. நாக்கு ஒருமுறை, இருமுறை. ஒரு கணம் அசைவே இல்லை. பிறகு இடுக்கி ஆடியது. எலி போயிருந்தது. மூன்று சுருள் அதைச் சுற்றி இறுகி, மெல்லத் தாடை விரிந்தது. முதலாளி கைதட்டிக் கும்பிடக் கையை உயர்த்தினார். நோபுயே திரும்பிப் பார்த்தாள். சத்தம் போட்டால் கக்கிவிடும். அவர் கையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்னும் ஆறு நாள் பாக்கி இருந்தது. அதுவரை பாம்பு கக்கவும் இல்லை.

பிப்ரவரி இருபத்தெட்டு அன்று ரிட்சுகோ ஒப்பந்தத்தை நீட்டினாள். நோபுயே அதைக் கும்பிடவில்லை, உறையில் போட்டு மாடத்தில் வைக்கவும் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ரிட்சுகோவின் தேநீர் ஆறிப்போகும்வரை வாசித்தாள். பிறகு முத்திரை குத்தினாள். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில், படுக்கை மடிக்கும் முன்னால், நிரந்தர வேலை கேட்டு எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைக் கொண்டுபோய் முதலாளி மேசைமேல் வைத்தாள்.

முதலாளி அதை எடுத்தார். மடிக்கவில்லை. "உக்காரும்மா," என்றார். "முழுசாப் படிச்சிட்டுக் குத்தறேன்."

படித்தார். குத்தினார். தென்கெய் ஐயா அந்த வருடம் மறுபடி வரவில்லை, வேறு விடுதிகளில் அவருக்கு வேலை இருந்தது. அங்கேயும் யாரோ ஒருத்தி கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு பெட்டிக்குள், தொட்டிக்குள், கூண்டுக்குள் ஏதாவது ஓர் உயிர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போங்கள். ஒரு வெப்பமானியை எடுத்து, உங்கள் கண்ணுக்கு எதிரே அல்ல, அது படுக்கிற தரையில் வையுங்கள். இரவு முழுக்க அங்கேயே விடுங்கள், காலையில் பாருங்கள். அதை வாங்கியபோது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தாளைத் தேடி எடுத்து இன்றைக்கே வாசியுங்கள். அதுவரைக்கும், அதற்குத் தண்ணீர் வைக்கிற பெண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.